நோட்டில் வரி இல்லாத வீடுகள்

நிதி ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், அரசியல் பிரஷரை எப்படிச் சமாளிச்சீங்க?" அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். போன் வந்தால் எடுங்கள். "சரிண்ணே, பாக்குறேண்ணே" என்று சொல்லுங்கள். வைத்துவிட்டு விதியில் உள்ளதைச் செய்யுங்கள். முப்பத்து மூன்று வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஓய்வூதியமும் ஒழுங்காக வருகிறது. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் நீட்டும் பட்டியல் தூரத்திலேயே நாறும், அதைக் கண்டுபிடிக்கத் தனி மூளை தேவையில்லை. என்னைக் குப்புறத் தள்ளியது, ஒரு நல்ல மனிதர் மஞ்சப்பையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த ஒரு நல்ல நோட்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன். குறிப்பெடுக்க வேண்டாம், சும்மா கேளுங்கள்.

ஊர் பெயரைக் கேட்காதீர்கள். நான் இன்னும் அங்கே கல்யாணம் காதுகுத்துக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். மதுரைக்கு மேற்கே, நகர எல்லையை விரித்தபோது உள்ளே வந்து விழுந்த ஊர். முன்பு பஞ்சாயத்து, இப்போது வார்டு. பாதிப் பேருக்கு வயல், மீதிப் பேருக்குச் சிம்மக்கல்லில் கடை வேலை, கப்பலூரில் கம்பெனி வேலை. ஊருக்கு நடுவே மந்தை என்கிற பொதுத்திடல், மந்தையில் மாரியம்மன் கோயில். எல்லாம் இருந்தது, வீட்டுக்குத் தண்ணீர் மட்டும் இல்லை. ஆறு தெருக்குழாய்தான் மொத்த ஊருக்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவார்கள். முந்தின நாளே குடம் வரிசைக்கு வந்துவிடும். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லையோ பிய்ந்த செருப்பையோ இடத்துக்கு வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்தச் செருப்பை ஒருத்தர் தள்ளி வைத்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சண்டை.

அந்த ஊருக்கு வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு கொடுக்க மானியம் வந்தது. இரண்டு நிபந்தனை. ஒன்று, மார்ச் மாதக் கடைசிக்குள் முதல் கட்ட வேலை முடிந்து, "குழாய் பதித்த தெருக்களில் இணைப்பு இல்லாத வீடு இல்லை" என்று நான் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் தவணைப் பணம் வராமல் திரும்பிப் போய்விடும். இரண்டு, வீடுகளுக்கு இணைப்பு கொடுத்து முடித்த தெருக்களில் தெருக்குழாய் அத்தனையையும் பிடுங்கிவிட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கெல்லாம் இணைப்பு என்பதில்தான் சண்டை. சொத்துவரிப் பதிவேட்டை எடுத்தால், ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பம் இருந்தது, கதவு எண்ணே இல்லாமல் ஒரு தெரு இருந்தது, செத்துப்போனவர்கள் பாதிப்பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரு கட்சிக்காரர் ஒரு பட்டியல் கொடுத்தார், எதிர்க்கட்சிக்காரர் இன்னொன்று கொடுத்தார். இரண்டிலும் முதல் பக்கத்தில் அவரவர் மச்சான்கள். கூட்டம் போட்டேன், நாற்காலி பறந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு நாற்காலியே போடவில்லை. மண்ணை அள்ளி வீசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்தான். எங்கள் பக்கத்தில் ஒரு ஊரில் எத்தனை குடும்பம் என்று சர்க்காருக்குத் தெரியாது, சாமிக்குத் தெரியும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆண்பிள்ளையும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அதற்கு ஒரு நோட்டு உண்டு. அந்த நோட்டில் யாரும் பொய்ப்பெயர் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினால் பணம் கட்ட வேண்டும். யாரும் பெயரை மறைக்கவும் மாட்டார்கள், மறைத்தால் ஊரில் மரியாதை இருக்காது. இதைவிடச் சுத்தமான பட்டியல் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்.

நோட்டை வைத்திருந்தவர் சின்னச்சாமி. கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. யாரிடமும் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காத மனிதர். மூன்றாவது கூட்டத்தில் மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, இது சாமி நோட்டு. ஆபீசுக்குக் குடுத்துவிட முடியாது. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதிக்கங்க."

வாசித்தார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. போன தை மாதம் கல்யாணம் ஆனவன் பெயர் இருந்தது. அண்ணன் தம்பி சண்டையில் பிரிந்து மாட்டுக்கொட்டத்தில் குடித்தனம் வைத்தவன் பெயர் இருந்தது. திருப்பூருக்குப் போனவன் எப்போது போனான், எப்போது திரும்பினான் என்று பக்கத்தில் குறிப்பு இருந்தது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. எங்கள் அலுவலகத்தில் இருக்கும் பதிவேடுகளை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று என்னோடு துளசிராம் இருந்தார். எங்கள் உதவிப் பொறியாளர். சௌராஷ்டிரக் குடும்பம், தாத்தா காலத்தில் தறி, இவர் படித்து வேலைக்கு வந்தவர். நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால் இந்தத் தலைக்கட்டு சமாச்சாரமெல்லாம் அவருக்குப் புதிது. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். தலைக்கட்டுங்கிறது வீட்டுக்கா, கல்யாணம் ஆன ஆம்பளைக்கா?"

"துளசிராம், நீங்க பைப்பைப் பாருங்க. ஊரை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கூட்டமே சிரித்தது. "டவுன்காரவுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். துளசிராமும் சேர்ந்து சிரித்தார், பாவம். இரண்டு கட்சிக்காரர்களும் கைதட்டினார்கள். சாமி நோட்டை எதிர்த்துப் பேச எவனுக்குத் தைரியம் வரும்? நான் எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரமாக ஜீப்பில் ஏறினேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மற்ற வார்டுகளுக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அந்த இரண்டு மாதமும் நான் தரையில் நடக்கவே இல்லை.

மார்ச் மாதம் கடைசி வாரம், வியாழக்கிழமை. நாற்பது வீடு இருக்கும் ஒரு தெரு தவிர மற்ற இடங்களில் குழாய் பதித்தாகிவிட்டது. அந்த ஒரு தெருவுக்கான பணம் கடைசித் தவணையில்தான் வர வேண்டும். முடிந்த பகுதியில் தெருக்குழாயை எடுக்க ஆரம்பித்துவிட்டால், நான் சான்றில் கையெழுத்துப் போடலாம், பணம் வந்துவிடும். துளசிராமும் நானும் காலையிலேயே போய்விட்டோம். கடப்பாரையோடு காண்டிராக்டரின் ஆட்கள் நின்றிருந்தார்கள். குழாயடி மேடையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி யூனிபார்ம் சேலை.

"மேடம், இந்தம்மா எந்திரிக்க மாட்டேங்குது" என்றார்கள் ஆட்கள்.

நான் அதிகாரக் குரலை எடுத்தேன். "என்னம்மா, அதான் வீட்டுக்கே பைப்பு வந்துருச்சே. பெறகு எதுக்கு வம்பு பண்றே?"

"எங்க வீட்டுக்கு வரலக்கா."

"பேரு என்ன?"

"பேச்சியம்மா."

பட்டியலைப் புரட்டினேன். இல்லை. "வீட்டுக்காரர் பேரைச் சொல்லு."

"அவரு போயி ஆறு வருசமாச்சு."

அப்போதாவது எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். அப்போதும் கேட்டேன், மண்டு. "நோட்டுல ஏன் இல்ல? வரி கட்டலையா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "எங்களுக்குத்தான் வரி கெடையாதேக்கா. தாலியறுத்தவகிட்ட சாமி வரி வாங்கமாட்டாகள்ல. நீங்களும் நம்ம பக்கத்து ஆளுன்னு சொன்னாக. ஒங்களுக்குத் தெரியாதா?"

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தெரியும். நன்றாகத் தெரியும். எங்கள் அப்பா போனபிறகு எங்கள் ஊரில் அம்மாவிடம் வரி வாங்கவில்லை. புருசன் இல்லாதவளைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று ஊர் காட்டும் கருணை அது. எங்கள் ஊர் எவ்வளவு பெருந்தன்மையான ஊர் என்று நான் ஹாஸ்டலில் பெருமையடித்திருக்கிறேன். வரி இல்லாவிட்டால் பெயர் இருக்காது என்பதும், பதினெட்டு வருடம் என் அம்மா பெயர் இல்லாமலேயே அந்த ஊரில் வாழ்ந்து போய்ச் சேர்ந்தாள் என்பதும் எனக்கு அந்தக் குழாயடியில்தான் உறைத்தது. துளசிராம் கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருந்தால் என் வாயாலேயே அது வந்திருக்கும். நானோ அவரைப் பைப்பைப் பார்க்கச் சொன்னேன்.

"இப்புடி இன்னும் எத்தன வீடும்மா?" என்று கேட்டேன்.

"வாங்க, காட்டுறேன்" என்று எழுந்தார். எழுந்தவர் குடத்தை மேடையிலேயே வைத்தார். கடப்பாரைக்காரர்களிடம், "நான் வார வரைக்கும் இதத் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அவர் வீட்டையும் சேர்த்துப் பதினொரு வீடு. வாசல் வரைக்கும் குழாய் பதித்த தெருக்களிலேயே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இணைப்பு, நடுவில் இந்த வீடு மொட்டையாக. ஒரு வீட்டில் சத்துணவுக்கூட உதவியாளர். ஒரு வீட்டில் வாசலில் இட்லி சுடும் அம்மா, பக்கவாதம் வந்த கையோடு. எங்கள் ஆட்கள் அந்த வாசல்களைத் தாண்டித் தாண்டிப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். "ஏன் நீங்க யாரும் ஆபீசுக்கு வந்து சொல்லல?" என்றேன்.

"எங்களுக்கு அடுத்தாப்புல வரும்னு நெனச்சோம்க்கா. எதுலயும் நாங்க அடுத்தாப்புலதான்" என்றார் பேச்சியம்மாள், ரொம்பச் சாதாரணமாக.

இதற்குள் துளசிராம் போனில் கூப்பிட்டார். "மேடம், சின்னச்சாமி ஐயா வீட்டுக்குக் கொஞ்சம் வாங்க." போனேன். ஒரே முற்றம். அந்த முற்றத்தில் நான்கு குழாய், மாட்டு மடி மாதிரி வரிசையாக. அவருக்கு ஒன்று, கல்யாணம் ஆன மூன்று மகன்களுக்கு ஆளுக்கொன்று. நோட்டுப்படி நான்கு தலைக்கட்டு. ஆனால் அடுப்பு ஒன்று, தொட்டி ஒன்று. மூன்றாவது குழாயில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சின்னச்சாமியைத் திட்டவும் முடியாது. அவர் கேட்டு வாங்கவில்லை. நான்தான் நோட்டைப் பார்த்து மாட்டிவிட்டேன். இப்படி ஊரில் எத்தனை முற்றம் என்று துளசிராம் அதற்குள் எண்ணி வைத்திருந்தார். இருபதுக்கு மேல் குழாய்கள் சும்மா கிடந்தன.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், பதறவில்லை. "கையெழுத்துப் போட்டுருங்கம்மா. அந்தப் பதினொன்னை அடுத்த திட்டத்துல சேத்துக்கலாம். நீங்க போடலைன்னா பணம் திரும்பிப் போயிரும், அந்த ஒரு தெருவும் நட்டாத்துல நிக்கும். பதினொரு வீட்டுக்காக நாப்பது வீட்டைக் கவுத்துராதீங்க."

இது கெட்டவர் பேசும் பேச்சு இல்லை. அந்த நாற்பது வீட்டிலும் குடம் தூக்குவது பெண்கள்தான், கைக்குழந்தைகளும் இருக்கின்றன. நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். அப்போது இரண்டு பக்கமும் நியாயம்தான் இருக்கும்.

"சார், அந்தச் சான்றுல இணைப்பு இல்லாத வீடு இல்லைன்னு இருக்கு. பதினொரு வீட்டை நான் கண்ணால பாத்துட்டேன்."

"பாக்காம இருந்திருந்தா?"

"நிம்மதியாப் போட்டுருப்பேன் சார்."

அவர் ஒரு வழி சொன்னார். புதிதாக ஒரு இணைப்பு கூட ஒதுக்க முடியாது. ஆனால் இணைப்பு பெற்றவர் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினால், அதே பகுதிக்குள் வேறு வீட்டுக்கு மாற்றலாம். விதி இடம் கொடுக்கிறது. "திங்கட்கிழமை மதியம் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள கடிதம் வரலைன்னா நீங்க கையெழுத்துப் போடணும். தெருக்குழாயை எடுத்துரணும்."

குழாயை விட்டுக்கொடுக்கச் சொல்வது லேசான காரியமா? கிடைத்ததைத் திருப்பித் தா என்று எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளையிடம் சொல்லிவிட்டு நீங்கள் முழு வேட்டியோடு வீடு திரும்ப முடியாது. ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மந்தையில். ஆம்பளைகள் கோயில் மேடையிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாளும் மற்றப் பத்துப் பேரும் கோயில் சுவரோரம் நின்றார்கள். அந்த மந்தையில் பெண்கள் நின்று கூட்டம் கேட்பதே வழக்கமில்லை என்று பிறகு சொன்னார்கள்.

முதலில் நான் பேசினேன். "தப்பு என்னோடது. சாமிக்கு வரி வாங்குறதுக்கு எழுதுன நோட்டைத் தண்ணி குடுக்குறதுக்கு எடுத்தேன். அது ஊர் செஞ்ச தப்பில்ல, நான் செஞ்ச தப்பு." இவ்வளவு சொன்னதற்கே சின்னச்சாமியின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கப்பா காலத்துலருந்து நாங்க எழுதுற நோட்டும்மா இது. ஒரு பேரு தப்புன்னு காட்டுங்க, இப்பயே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

"எழுதுனதுல தப்பே இல்லண்ணே" என்றேன்.

கூச்சல் கிளம்பிவிட்டது. "நாளைக்கு அண்ணந்தம்பி பாகம் பிரிச்சா கொழாய்க்கு எங்கிட்டுப் போறது?" என்று ஒருவர். "குடுத்துட்டுப் புடுங்குறதுதான் கவர்மெண்டா?" என்று இன்னொருவர். ஒரு பெரிய மனது படைத்தவர் எழுந்து, "விடுங்கப்பா, பாவம், தாலியறுத்த பொம்பளைக. ஆளுக்குக் கொஞ்சம் பாத்து, ரெண்டு மூணு கொழாய விட்டுக் குடுப்போம். அதுகளுக்குள்ள பங்கு வச்சுக்கிறட்டும்" என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்கே அது நல்ல முடிவாகத் தெரிந்தது. மூன்று குழாயாவது வருகிறதே என்று நான் சரி சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"பாவம்னு வேணாம்ணே" என்றார் பேச்சியம்மாள், சுவரோரத்திலிருந்து. "எங்களுக்கும் வரி போடுங்க."

வரியைக் குறை என்று கேட்ட கூட்டங்களை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். வரி போடு என்று ஒருவர் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

கோயில் படியில் பூசாரி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, குரல் மட்டும் இளசு. "தாயி, ஒங்கிட்ட வரி வாங்குனா ஊருக்குத்தான் கேவலம். அதுவும் போக, சாமிக் காரியம். பூவும் பொட்டும் எழந்தவ காசு அதுல சேரப்படாதுன்னு பெரியவுக வச்ச மொற. ஒன்னய ஒதுக்கி வைக்கணும்னு யாரும் வைக்கல."

"சரிண்ணே" என்றார் பேச்சியம்மாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த நோட்டுல மொதப் பக்கத்துல யாரு பேரு எழுதியிருக்கு?"

சின்னச்சாமி நோட்டைத் திறந்து பார்க்கவே தேவையில்லை, ஆனாலும் திறந்தார். "மாரியாத்தா பேருதான். அதுக்கென்ன இப்ப?"

"அவ எந்தத் தலைக்கட்டுல வாரா?"

யாருக்கும் புரியவில்லை.

"அவளுக்குப் புருசன் யாருண்ணே? ஒத்தையிலதான ஒக்காந்துருக்கா. அவ பேர மொதப் பக்கத்துல எழுதிப்புட்டு, எங்க பேரு கடைசிப் பக்கத்துலகூட வரப்படாதுன்னா, இந்த நோட்டு அவளுக்கே ஆகுமாண்ணே?"

ஆத்தாடி! எம்.ஏ. படித்தவள் நான், பயிற்சி வகுப்புகளில் சமத்துவம் பற்றி மணிக்கணக்கில் பேசியவள் நான். என் ஆயுசில் இப்படி ஒரு வாக்கியம் எனக்கு வந்ததில்லை. அதையும் அவர் சவால் விடுகிற மாதிரிக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, மரியாதையாகக் கேட்டார்.

முதலில் சிரித்தவர் பூசாரிதான். வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பது வருசமா அவளுக்குப் பூச வைக்கிறேன், ஒருநா இந்தக் கேள்வி எனக்கு வரலையேப்பா!" என்றார். பிறகு கோயிலுக்குள் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள், சிலர் தலையைச் சொறிந்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சின்னச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துளசிராமைக் கூப்பிட்டு, "தம்பி, எங்க வீட்டுக் கொழாய் மூணு. கடுதாசியில எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். மூத்த மகன் பின்னாலிருந்து, "அப்பா, எங்களயும் ஒரு வார்த்தை…" என்று இழுத்தான். "துண்டு காயப்போடக் கொடி வாங்கித் தாரேன்டா" என்றார் அவர். மந்தையே அதிர்ந்தது. அதற்குப் பிறகு துளசிராமால் எழுதி மாளவில்லை. விட்டுக்கொடுக்காதவர்களும் இருந்தார்கள், இல்லாமலா? அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வந்த கடிதங்களே போதுமானதாக இருந்தன.

கோப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலையில் கடிதங்களோடு போனது, மாற்றத்துக்கு அனுமதி வந்தது. இரண்டு நாளில் இணைப்பை மாற்றினார்கள். புது வீடுகளில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, நான் மார்ச் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டேன், அதன் பிறகுதான் தெருக்குழாய் போனது. அந்த நாற்பது வீட்டுத் தெருவும் பிழைத்தது. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. நியாயம்தான், பத்திரமாக வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள். ஆனால் இதற்காக நான் உங்களை உட்காரவைத்து இவ்வளவு நேரம் பேசவில்லை. அன்று கூட்டம் முடிவதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சின்னச்சாமி புதுப்பக்கம் திருப்பினார். "வாங்க, ஒவ்வொருத்தரா வந்து பேரு சொல்லுங்க" என்றார். பேச்சியம்மாள் முதலில் போனார். "யாரு பேருல எழுத? மகன் பேருலயா?" என்று கேட்டார் சின்னச்சாமி, பழக்கதோஷம். "எம் பேருலதாண்ணே" என்றார் பேச்சியம்மாள். எழுதினார். அடுத்தவர் போனார். நான் கையில் என் திருத்திய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். வீடு வீடாக நடந்து நானே எழுதிய பட்டியல், இந்தத் தடவை ஒரு தப்பும் இருக்காது என்று நெஞ்சு நிமிர்ந்து எழுதியது. பதினொன்று முடிந்தது. வரிசை முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மந்தைக்கு வரும் சந்துகளிலிருந்து இன்னும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாமல் படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர், வயது ஐம்பது. நோட்டில் அப்பா பெயருக்கு இருந்த வீடு வேறு, அப்பாவோடு இருக்க ஊர்க்கோடியில் இவர் தனியாகக் கட்டிய ஓட்டு வீடு வேறு. புருசன் வீட்டிலிருந்து திரும்பி வந்து, அறுத்துக்கட்டி மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்ட இரண்டு பேர். பேச்சியம்மாள் என்னைப் பதினொரு வீட்டுக்குக் கூட்டிப்போனாரே, அவருக்கே இவர்கள் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை. விதவைகள் விட்டுப்போய்விட்டார்கள் என்று தெரிந்ததும், விதவைகளை மட்டும் தேடியிருக்கிறேன். இரண்டாவது பட்டியலும் தப்பு. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று உண்டென்றால் இதுதான்: பட்டியலை மூடும் முன்னால் ஒரு வரிசையைத் திறந்துவையுங்கள், நின்று பாருங்கள். யார் வருகிறார்கள் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மொத்தம் பத்தொன்பது பேர், வந்த கடிதங்கள் அத்தனை பேருக்கும் போதும். கடைசியாக நின்றவள் ராசாத்தி, முப்பது முப்பத்திரண்டு வயது. கழுத்தில் தாலி இருந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. அவள் வந்து நின்றதும் சின்னச்சாமியின் பேனா நின்றுவிட்டது.

"ஒனக்குத்தான் வீட்டுக்காரன் இருக்கானேம்மா."

"அவரு பேரு அந்த வீட்டுல இருக்கு மாமா" என்றாள். "எங்க வீட்டுல நானும் புள்ளைகளும்தான்."

சுவரோரம் ஒரு பெண் என் காதில் கிசுகிசுத்தார். இரண்டு வருடமாக அவன் அடுத்த தெருவில் வேறொருத்தியோடு இருக்கிறானாம். நோட்டில் அவன் ஒரு தலைக்கட்டு, அதற்கு ஒரு குழாய், அது அந்த வீட்டில். அவனும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தான், இரண்டாவது வரிசையில். சின்னச்சாமி அவனைப் பார்த்தார். எழுதலாமா என்று கேட்பதுபோல அவனையே பார்த்தார். அவன் குனிந்து தரையில் எதையோ கீறிக்கொண்டிருந்தான். கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பிவிட்டது. ராசாத்தி மட்டும் திரும்பவில்லை. இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு நின்றாள்.

"அவன என்னத்தப் பாக்குற, சின்னச்சாமி?" என்றார் பூசாரி, படியிலிருந்து. "அந்தப் புள்ள பேர எழுது."

சின்னச்சாமி எழுதினார். ராசாத்தி குனிந்து, அவர் எழுதி முடிக்கிறவரைக்கும் கடைசி எழுத்துவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.